பங்கருக்குள் எட்டுப் பேர்: காற்றுக் குழாய் இரண்டு போதுமா?

வாசகர் கடிதம்: அண்ணைக்கு வணக்கம். ரொறன்ரோவுக்கு வடக்கே காணி வாங்கி, வீட்டுக்குப் பக்கத்தில் நிலத்துக்கு அடியில் ஒரு பாதுகாப்பு அறை கட்டுகிறோம். பொறியியலாளர் படம் கீறித் தந்துவிட்டார், அனுமதியும் கிடைத்துவிட்டது. உள்ளளவு 6 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 2.3 மீற்றர் உயரம். கொங்கிறீற் கூரைக்கு மேல் ஒரு மீற்றர் மண். இருக்கப்போவது எட்டுப் பேர். காற்றுக்கு இரண்டு அந்தத்திலும் ஒவ்வொரு 4 அங்குல பிவிசி குழாயை நேராக மேலே விட்டு, ஒன்றில் கொம்பியூட்டர் விசிறி பூட்டலாம் என்று இருக்கிறேன். காணொளிகளில் அப்படித்தான் காட்டுகிறார்கள். அம்மாவோ, “வன்னியில நாங்கள் பைப் வச்சோ பங்கர் வெட்டினனாங்கள்?” என்று சிரிக்கிறார். குழாயின் அளவு சரியா? எவ்வளவு உயரம் வேண்டும்? வடிகட்டி தேவையா? குண்டு வெடித்தால் அதன் அழுத்தம் குழாயால் உள்ளே வருமா? மே மாதம் கொங்கிறீற் போடுகிறார்கள். விரைவாகச் சொன்னால் உதவி.

பதில்:

அம்மாவின் சிரிப்பிலிருந்தே தொடங்குகிறேன், தம்பி. அவர் சொல்வது சரி, ஆனால் உங்கள் அறைக்குப் பொருந்தாது. போர்க்கால வன்னிப் பங்கர் என்பது நிலத்தில் வெட்டிய கிடங்கு. மேலே குற்றிகள், அதற்கு மேல் மண்மூடை. மூடைக்குப் பை கிடைக்காத காலத்தில் சேலைகளை வெட்டித் தைத்து மண் நிரப்பினார்கள். வாசல் மட்டும் எப்போதும் திறந்தே கிடந்தது. கிபிர் குண்டுவீச்சு விமானம் வந்தால் உள்ளே பாய்வது, போனால் ஏறி வருவது. போரின் கடைசி மாதங்களில் மணிக்கணக்காக, நாட்கணக்காக உள்ளே கிடந்தபோதும் அந்த வாசலால் காற்று வந்து போனது. சூடான காற்று வாசலின் மேற்பாதியால் வெளியேறும், குளிர்ந்த காற்று கீழ்ப்பாதியால் உள்ளே இறங்கும். நீங்கள் கட்டுவதோ விளிம்பில் ரப்பர் வைத்த இரும்புக் கதவு. அதை இழுத்துப் பூட்டினால் அம்மா அறிந்த அந்தக் காற்றோட்டம் அத்தோடு நின்றுவிடும்.

நான் சுவிஸில் கட்டடக் காற்றோட்ட வேலை செய்பவன். இங்கே 1963ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து மாடிவீடுகளுக்குக் கீழே பாதுகாப்பறை கட்டி வருகிறார்கள். நாட்டின் சனத்தொகை முழுவதற்கும் இடம் உண்டு. சாதாரண நாட்களில் அதற்குள் வைன் போத்தலும் பனிச்சறுக்குப் பலகையும் உருளைக்கிழங்கும்தான் இருக்கும். ஆனாலும் சுவரில் கைபிடியோடு ஒரு காற்றியந்திரம் பூட்டியிருக்கும், அது வேலை செய்கிறதா என்று பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது ஆள் வந்து பார்க்க வேண்டும். அந்த அனுபவத்தில் இருந்துதான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். சுவரின் தடிப்பு, கூரையின் பாரம் எல்லாம் உங்கள் பொறியியலாளர் பாடு. அதில் நான் கைவைக்க மாட்டேன்.

முதலில் எண்களைப் பார்ப்போம். உங்கள் அறை ஏறத்தாழ 41 கன மீற்றர். சுவிஸ் அளவுகோலில் ஆளுக்கு ஒரு சதுர மீற்றர் தரையும் இரண்டரை கன மீற்றர் இடமும்தான் கணக்கு, ஆகவே எட்டுப் பேருக்கு உங்களுடையது அரண்மனை. சும்மா இருக்கும் ஓர் ஆள் மணிக்குச் சுமார் 20 லீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுவார். எட்டுப் பேருக்கு 160 லீற்றர். கதவையும் குழாயையும் அடைத்துவிட்டு இருந்தால் இரண்டரை மணி நேரத்தில் அறைக்காற்றில் அது 1 வீதம் ஆகும். ஏழரை மணி நேரத்தில் 3 வீதம்: தலையிடி, இளைப்பு. பத்து மணி நேரத்தில் 4 வீதம்: தொழிலிடப் பாதுகாப்புக்காரர் உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறித்து வைத்திருக்கும் அளவு அது.

இதில் கவனிக்க வேண்டியது, ஒட்சிசன் தீர்ந்து போவதல்ல முதல் பிரச்சினை. கிணறு இறைக்க இறங்குமுன் ஊரில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் இறங்க மாட்டார்கள். பாழ்ங்கிணற்றுக்கு அது நல்ல வழக்கம். ஆட்கள் அடைபட்டிருக்கும் அறைக்கு அதை நம்பக் கூடாது. மெழுகுதிரி அணைய ஒட்சிசன் 16, 17 வீதத்துக்கு இறங்க வேண்டும். அதற்கிடையில் நீங்கள் மூச்சில் விட்ட காபனீரொட்சைட்டே 3, 4 வீதத்துக்கு ஏறிவிடும். திரி எரிந்துகொண்டே இருக்கும், ஆட்கள் மயங்குவார்கள். காபனீரொட்சைட்டு அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், பற்றரியில் ஓடுவதாக.

சரி, எவ்வளவு காற்று வேண்டும்? சுவிஸ் கணக்கு ஆளுக்கு மணிக்கு 6 கன மீற்றர். நச்சு வாயு வடிகட்டியினூடாக இழுக்கும்போது அதில் பாதி, 3 கன மீற்றர். பனிப்போர்க்கால அமெரிக்காவில் குளிர்காலக் குறைந்தபட்சமாகச் சொன்னதும் இதற்குக் கிட்டத்தான்: நிமிடத்துக்கு 3 கன அடி, அதாவது மணிக்கு 5 கன மீற்றர். 6 கன மீற்றர் கொடுத்தால் காபனீரொட்சைட்டு 0.4 வீதத்துக்குள் நிற்கும். அறை புழுக்கமாக இருக்கும், ஆனால் ஆபத்தில்லை.

எட்டுப் பேருக்கு மணிக்கு 48, சரி 50 கன மீற்றர் என்று வையுங்கள். இந்த அளவுக்கு உங்கள் 4 அங்குலக் குழாய் தாங்கும். காணொளிகளில் காட்டுபவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மூச்சுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள், சூட்டுக்குப் பார்ப்பதில்லை.

ஓர் ஆள் சும்மா இருந்தாலே 100 வாற் வெப்பம் விடுவார். எட்டுப் பேர் என்றால் 800 வாற், இரவு பகலாக. அதோடு மூச்சிலும் வியர்வையிலும் ஒரு நாளைக்குப் பத்து லீற்றர் அளவு நீராவி. முதல் ஒரு நாள் சுற்றியுள்ள குளிர்ந்த மண் அதை வாங்கிக்கொள்ளும். பிறகு கொங்கிறீற் சூடேறும், சுவரில் நீர் வழியும், மெத்தை நனையும். ஜனவரியில் இது பெரிதாகத் தெரியாது. ஒன்ராறியோவின் யூலை மாதப் புழுக்கத்தில், மூன்றாம் நாள், சின்னப் பிள்ளைகளும் வயது போன அம்மாவும் உள்ளே இருந்தால் காபனீரொட்சைட்டுக்கு முன் வெக்கை ஆளை விழுத்திவிடும். அதனால் கோடைக்கு ஆளுக்கு மணிக்கு 25 கன மீற்றர் வேண்டும். எட்டுப் பேருக்கு 200. குழாயின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது இந்த 200தான்.

இனிக் குழாய்க்கு வருவோம். நேராக மேலே விடாமல், பக்கவாட்டில் கொண்டுபோய் மேலே எழுப்பச் சொல்லப் போகிறேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆகவே பத்து மீற்றர் நீளம், மூன்று வளைவு, மேலே ஒரு தொப்பி என்று வைத்துக் கணக்குப் போட்டேன். மணிக்கு 200 கன மீற்றரை 4 அங்குலக் குழாயால் தள்ள ஏறத்தாழ 180 பஸ்கால் அழுத்தம் வேண்டும். அதே காற்றை 6 அங்குலக் குழாயால் தள்ள 30 பஸ்கால் போதும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்பதால் இரண்டையும் இரட்டியுங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் கொம்பியூட்டர் விசிறி, காற்றே ஓடாத நிலையில்கூட 10 முதல் 30 பஸ்கால்தான் கொடுக்கும். 4 அங்குலக் குழாயின் வாயில் அது சுழன்றுகொண்டே இருக்கும், சத்தமும் கேட்கும், காற்று மட்டும் வராது. எல்லாவற்றிலும் மோசம் இதுதான், ஏனென்றால் விசிறி ஓடுகிறது என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்.

ஆகவே இரண்டு குழாயும் 6 அங்குலம். குழாயின் விலை வித்தியாசம் நீங்கள் கொங்கிறீற்றுக்குக் கொடுக்கும் காசோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

விசிறி என்றால் அழுத்தம் கொடுக்கும் வகை வேண்டும்: நத்தை ஓடு போல உடம்பும் நடுவில் உருளைச் சில்லும் கொண்டது. 12 வோல்ற்றில் ஓடும் இந்த வகை ஊதிகள் படகுச் சாமான் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் காற்றளவை மட்டும் பார்க்காதீர்கள். அது குழாய் பூட்டாமல் அளந்தது. 100 பஸ்காலில் எவ்வளவு தள்ளும் என்ற வரைபடம் இல்லாத விசிறியை விட்டுவிடுங்கள்.

மின்சாரம் போனால் கையால் ஓட வேண்டும். இதிலும் குழாயின் அளவுதான் பேசுகிறது. 6 அங்குலக் குழாயில் அந்த 200 கன மீற்றரைத் தள்ள, பற்சக்கர இழப்பு எல்லாம் சேர்த்து, 12 வாற் அளவில் போதும். பள்ளிப் பிள்ளையே சுற்றலாம். 4 அங்குலத்தில் 60, 70 வாற் வேண்டும். கையால் சுற்றி ஓர் ஆள் நீடித்துக் கொடுக்கக் கூடியது 30, 40 வாற்தான். சுற்றுபவர் களைத்து வியர்த்து, தானே இன்னும் இரண்டு ஆளுக்குரிய வெப்பத்தை அறைக்குள் விடுவார்.

இணையத்தில் தேடினால் கேர்ணி பம்ப் என்று ஒன்று வரும். அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கிறெசன் கேர்ணி 1960களில் உருவாக்கியது. சட்டத்தில் பிளாஸ்ரிக் மடல்களைத் தொங்கவிட்டுக் கயிற்றால் இழுத்து ஆட்டுவது. வெள்ளைக்காரன் காலத்துக் கச்சேரியில் கூரையில் தொங்கிய பங்காவின் பெயரால் அதை முதலில் பங்கா பம்ப் என்றே அழைத்தார். நல்ல சாமான்தான், செலவும் இல்லை. ஆனால் அது கதவளவு அகலமான வாசலில் தொங்கி, அழுத்தமே இல்லாமல் நிறையக் காற்றைத் தள்ளுவது. குழாய்க்கு முன்னால் அதை ஆட்டிப் பயனில்லை. உங்கள் கதவைத் திறந்து வைக்கக்கூடிய நிலைமைக்கு, மேலதிகமாக ஒன்று செய்து வைக்கலாம்.

விசிறியை உள்ளே வரும் குழாயில் பூட்டுங்கள். தள்ளினால் அறைக்குள் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், கதவு விளிம்பிலோ வெடிப்பிலோ ஒழுக்கு இருந்தால் உள்ளிருந்து வெளியே போகும். உறிஞ்சினால் தூசும் புகையும் அந்த ஓட்டைகளால் உள்ளே வரும். வெளியேறும் வாயை எதிர் மூலையில், கூரைக்குக் கிட்ட, கழிப்பிட வாளிக்கு மேலே வையுங்கள். காற்று படுக்கைகளைக் கடந்து கடைசியாகக் கழிப்பிடத்தைத் தொட்டு வெளியே போகட்டும். இரண்டு வாயும் அருகருகே இருந்தால் வந்த காற்று அப்படியே திரும்பிப் போய்விடும், நடுவில் படுத்திருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

விசிறி இல்லாமல் தானாகக் காற்று ஓடாதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். வெளியேறும் குழாயின் வாய் உள்வரும் வாயைவிட மூன்று மீற்றர் உயரமாக இருந்து, வெளியே உள்ளேயைவிட 20 பாகை குளிராகவும் இருந்தால் இரண்டரை பஸ்கால் இழுவை கிடைக்கும். 6 அங்குலக் குழாயில் அது குளிர்காலத் தேவையான அந்த 50 கன மீற்றரில் பாதிக்கு மேல் கொண்டுவரும். 4 அங்குலத்தில் மூன்றில் ஒன்றுதான். கோடையில் வெளியே உள்ளேயைவிடச் சூடு என்றால் இழுவை நின்றுவிடும், சிலவேளை தலைகீழாகவும் ஓடும். இனாமாக வருவதை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பிக் கட்டாதீர்கள்.

இப்போது, ஏன் நேராக மேலே விட வேண்டாம் என்றேன். அம்மாவிடம் கேளுங்கள், கொஞ்சம் வசதியாக வெட்டிய பங்கர் ‘ட’ வடிவில் இருக்கும். வாசலால் வரும் சன்னம் திரும்பி வராது, மூலைக்கு அப்பால் இருப்பவர் தப்புவார். குழாய்க்கும் அதுதான் நியாயம். நேரான குழாய் என்பது வானத்தைப் பார்த்த துவாரம். அணுத்தூசி, அதாவது அணுகுண்டு வெடித்தபின் விழும் கதிரியக்கத் தூசு, மேலே படிந்தால் அதன் கதிர்வீச்சு குழாய் வழியே நேராகக் கீழே இறங்கும். ஒரு செங்கோண வளைவு அதைப் பெருமளவு குறைக்கும், இரண்டு வளைவு இன்னும் குறைக்கும். காற்றுக்கு வளைவால் வரும் இழப்பை 6 அங்குலக் குழாய் தாங்கிக்கொள்ளும். இதனால்தான் அளவில் தாராளமாக இருக்கச் சொன்னேன்.

இன்னொரு காரணம் வீடு. உள்வரும் வாய் வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் இருந்தால், வீடு இடிந்தால் மூடுப்படும், எரிந்தால் புகையை உறிஞ்சும். 1943 யூலையில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது நிலவறைகளுக்குள் இருந்த ஏராளமானோர் இறந்தது குண்டு பட்டு அல்ல. காபன் மொனொக்சைட் வாயுவாலும் வெப்பத்தாலும்தான். உங்கள் வீட்டின் உயரம் எவ்வளவோ, அதைவிடக் கூடிய தூரத்தில் உள்வரும் வாயை எழுப்புங்கள். வாகனம் நிற்கும் இடம், ஜெனரேற்றர், புரொப்பேன் தாங்கி, மலக்குழியின் காற்றுக்குழாய் ஆகியவற்றிலிருந்தும் விலகி. வெளியேறும் வாய்க்கும் உள்வரும் வாய்க்கும் இடையில் ஐந்து மீற்றராவது இருக்கட்டும்.

உயரம் கேட்டீர்கள். உள்வரும் வாய் உங்கள் பக்கத்துப் பனிக்கு மேலே நிற்க வேண்டும். நிலத்திலிருந்து ஒரு மீற்றருக்குக் குறையாமல் வையுங்கள். காற்று பனியைக் குவிக்கும் வேலியோரம் வேண்டாம். வாய் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும், கால் அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பிவலை போட வேண்டும். எலிக்கு அது போதும். நுளம்பு வலை போட்டால் ஒரு வருடத்தில் பஞ்சும் தூசும் அடைத்துவிடும், குளிரில் உறைபனியும் அதில்தான் முதலில் பிடிக்கும். நிலத்துக்கு மேல் தெரியும் பகுதியும் கீழே முதல் ஒரு மீற்றரும் இரும்புக் குழாயாக இருக்கட்டும். பிவிசி புல் எரிந்தாலே உருகும், மரக்கொப்பு விழுந்தாலே உடையும். மண்ணுக்குள் தடித்த பிவிசி பரவாயில்லை.

மண்ணுக்குள் கிடையாக ஓடும் பகுதி அறையிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும், தாழ்ந்த இடத்தில் நீர் வடியவும் துப்புரவு செய்யவும் ஒரு வழி இருக்க வேண்டும். யூலை மாத ஈரக்காற்று குளிர்ந்த மண்ணுக்குள் கிடக்கும் குழாயில் நுழைந்ததும் வியர்த்துக் கொட்டும். சரிவு தவறினால் அந்தத் தண்ணீர் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், அல்லது உங்கள் விசிறிக்குள் வழியும். கிடங்கு வெட்டும்போது 1.2 மீற்றருக்குக் கீழே போனால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் யாரையும் உள்ளே இறங்க விடாதீர்கள். ஒன்ராறியோ சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சரியும் மண் கூப்பிட நேரம் தராது.

குண்டின் அழுத்தம் குழாயால் வருமா? வரும். ஆனால் எந்தக் குண்டு என்பதைப் பொறுத்தது. சாதாரண குண்டு, செல்லின் அழுத்த அலை ஒரு விநாடியின் மிகச் சிறு பங்கு நேரம்தான் நிற்கும். 6 அங்குலத் துவாரத்தால் அவ்வளவு நேரத்தில் 41 கன மீற்றர் அறையை நிரப்ப அதனால் முடியாது. அறையின் அழுத்தம் பெரிதாக ஏறாது, ஆனால் குழாயின் வாய்க்கு நேரே பாயும் காற்றுத்தாரை ஆளைத் தூக்கி அடிக்கும். ஆகவே குழாய் வாய்க்கு நேரே படுக்கையோ கதிரையோ வைக்கக் கூடாது. காசு செலவில்லாத வேலை, ஆனால் வரைபடத்தில் இப்போதே குறித்தால்தான் நடக்கும். அணுகுண்டின் அலையோ ஒரு விநாடி அளவுக்கு நீடிக்கக் கூடியது. அவ்வளவு நேரத்தில் அறை நிரம்பத் தொடங்கும், காதுச் சவ்வு கிழியும்.

இதற்குத்தான் வெடியலை வால்வு. சுவிஸ் பாதுகாப்பறைகள் ஒரு பார், அதாவது ஓர் இலட்சம் பஸ்கால், அழுத்தத்துக்குக் கணக்கிடப்பட்டவை. ஒவ்வொரு காற்று வழியிலும் இந்த வால்வு இருக்கும். பார்த்தால் பெரிய விடயமாகத் தெரியாது: வில்லில் நிற்கும் ஓர் உலோகத் தட்டு. சாதாரண காற்றுக்கு வழி விடும், அழுத்தம் பாய்ந்தால் சில மில்லிவிநாடிகளில் இருக்கையில் அறைந்து மூடும், அழுத்தம் போனதும் தானே திறக்கும். அலைக்குப் பின்னால் ஓர் உறிஞ்சலும் வரும். நல்ல வால்வு அந்தப் பக்கமும் மூடும். உள்வரும் குழாய், வெளியேறும் குழாய் இரண்டுக்கும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் பூட்டுவது முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைக்கும் வேலை. பழைய ரயரை வெட்டி மடலாக்கிச் செய்யும் முறைகளும் உண்டு, ஆபத்து நேரக் கைவேலையாக அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொங்கிறீற் ஊற்றுமளவுக்குப் போனவர் வால்வைச் சோதித்துச் சான்று கொடுத்த இடத்தில் வாங்க வேண்டும். அதன் அழுத்த இழப்பையும் கேட்டு வாங்கி விசிறிக் கணக்கில் கூட்டுங்கள்.

ஒட்டாவாவுக்குப் பக்கத்தில் கார்ப் என்ற ஊரில் டீபன்பங்கர் என்று அரசாங்கத்தின் பழைய நிலவறை இருக்கிறது. 1959க்கும் 1961க்கும் இடையில் கட்டியது, நான்கு மாடி, இப்போது அருங்காட்சியகம். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், நுழையும் நீண்ட சுரங்கப்பாதையையும் கதவுகள் அதன் பக்கச்சுவரில் இருப்பதையும் பாருங்கள். அழுத்தத்துக்கு நேரே முகம் காட்டாமல் இருப்பது என்றால் என்ன என்று வரைபடத்தைவிட அங்கே நன்றாக விளங்கும்.

வடிகட்டி விடயத்தில் ஆட்கள் அநியாயத்துக்குக் காசு கொட்டுகிறார்கள். அணுத்தூசியில் ஆபத்தான பெரும்பகுதி மணல் போன்ற துகள். கீழ்நோக்கிய வாயும் மெதுவான காற்றோட்டமும் இருந்தால் அது உள்ளே ஏறாது. இதுவும் அகலக் குழாய்க்கு ஒரு புள்ளி. சாதாரண தூசு வடிகட்டி ஒன்றை விசிறிக்கு முன்னால், கழற்றி மாற்றக்கூடியதாகப் பூட்டுங்கள், போதும். இரசாயன வாயுவுக்கான கரி வடிகட்டி வேறு சாதி. நூற்றுக்கணக்கான பஸ்கால் தடுக்கும், அதற்கென்று தனி யந்திரம் வேண்டும். உங்கள் காணிக்கு அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. அதோடு ஒன்றை நினைவில் வையுங்கள்: காபன் மொனொக்சைட்டைக் கரி வடிகட்டி பிடிக்காது. வெளியே காடோ வீடோ எரிகிறது என்றால் ஒரே வழி, இரண்டு குழாயையும் அடைத்து உள்ளிருக்கும் காற்றில் இருப்பது. அப்போதுதான் மேலே சொன்ன ஏழரை மணி நேரக் கணக்கு உங்களுக்கு உதவும். 3 வீதத்தைத் தொடுமுன், 2 வீதத்திலேயே, காபன் மொனொக்சைட் கருவியைப் பார்த்துத் திறக்கத் தயாராகுங்கள், அந்த வாயுவுக்கு மணம் இல்லை. ஆகவே ஒவ்வொரு குழாயிலும் உள்ளிருந்து கையால் இறுக்கி அடைக்கும் மூடி ஒன்று கட்டாயம்.

உள்ளே எதையும் எரிக்க வேண்டாம். அடுப்பு, விளக்கு, சாமிக்குக் கற்பூரம் எதுவுமே. ஜெனரேற்றர் வாசலடியில்கூட வேண்டாம். 2013 டிசம்பரில் உறைமழை பெய்து ரொறன்ரோப் பக்கம் நாட்கணக்காக மின்சாரம் இல்லாமல் போனபோது, வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டியும் ஜெனரேற்றர் ஓட்டியும் நஞ்சேறியவர்கள் இருந்தார்கள். நேராகச் சொன்னால், குண்டைவிட அப்படியொரு புயலுக்குத்தான் உங்கள் அறை பயன்படும் என்பது என் எண்ணம். காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் ஒன்று மாட்டுங்கள்.

இனி யாரும் யோசிக்காத விடயம், றேடன். மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயு. நிறமோ மணமோ இல்லை, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது. கனடாவில் வீடுகளுக்கான வழிகாட்டி அளவு கன மீற்றருக்கு 200 பெக்குரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). பேஸ்மென்றிலேயே சில வீடுகளில் இதைத் தாண்டும். ஆண்டு முழுக்க அடைத்துக் கிடக்கும் நிலவறையைச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் அதை விளையாட்டு அறையாக்கினால், குண்டே விழாமல் பங்கர் ஆளுக்குத் தீங்கு செய்யும். குழாய்களை எப்போதும் திறந்து வைத்து, சின்ன விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். கட்டி முடிந்ததும் ஒரு குளிர்காலத்தில் மூன்று மாதச் சோதனைக் கருவியை வைத்து அளந்து பாருங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு காற்று உண்மையில் வருகிறதா என்று பார்க்க விலையான கருவி வேண்டாம். இலை அள்ளும் பெரிய பிளாஸ்ரிக் பை, 140 லீற்றர் அளவுள்ளது ஒன்றை எடுத்து, காற்றை நன்றாக வெளியேற்றி, உள்வரும் வாயில் சுற்றிப் பிடியுங்கள். பத்து விநாடியில் பை விம்மி நின்றால் மணிக்கு 50 கன மீற்றர் வருகிறது. இரண்டரை விநாடியில் நிரம்பினால் 200. விசிறியில் ஒருமுறை, கையால் சுற்றி ஒருமுறை, இரண்டு வால்வையும் குழாயில் பொருத்திய நிலையில் செய்யுங்கள். பிறகு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் படுக்கைகளுக்கு மேலே பிடித்துப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். எரிக்க வேண்டாம் என்றேன், இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு. கடைசியாக, யூலையில் ஒரு சனி இரவு எட்டுப் பேரும் உள்ளே படுத்துப் பாருங்கள், காபனீரொட்சைட்டுக் கருவியைப் பார்த்தபடி ஒருவர் முறைவைத்து விழித்திருக்க. அம்மாவுக்குக் கதவடியில் இடம் கொடுங்கள்.

மே மாதத்துக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதைத் தவறவிட்டால் பிறகு கொங்கிறீற்றைத் துளைத்து நீர்க்கசிவோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். சுவரில் குழாய் நுழையும் இடங்களில், நடுவில் தட்டு ஒட்டிய இரும்பு உறைக்குழாய்களைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிய பிறகே கொங்கிறீற் போடச் சொல்லுங்கள். தட்டு நீர் வழியை மறிக்கும். உறைக்குழாயின் உள்விட்டம் 6 அங்குலக் குழாயும் அதைச் சுற்றி ரப்பர் இறுக்கியும் போகுமளவுக்கு, 8 அங்குலம். சுவருக்கு வெளியே முதல் இணைப்பு நெகிழும் ரப்பர் இணைப்பாக இருக்கட்டும். அறை ஒரு பக்கம் அமர்ந்தாலும் நிலம் அதிர்ந்தாலும் குழாய் சுவரடியில் முறியாது. இரண்டு அல்ல, மூன்று உறைக்குழாய் வையுங்கள். மூன்றாவது, முதல் உள்வரும் வாய் மூடுப்பட்டால் வேறு திசையிலிருந்து எடுக்க. இப்போதைக்கு மூடி போட்டு விட்டுவிடலாம். இவற்றின் இடத்தைப் பொறியியலாளரிடம் காட்டிக் கம்பிக் கட்டை மாற்றிக் கீறச் சொல்லுங்கள். அந்தப் படம் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், கொங்கிறீற் லொறி வருவதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.